ஜாம்பி கதையில யார் கையில எந்த ஆயுதம்? செட்டிநாட்டுப் பக்கம் வச்சு எழுதுறவங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடியில நாங்க ஒரு பத்துப் பேரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு மாடி ரூம்ல கூடி, ஒருத்தர் கதைய இன்னொருத்தர் படிச்சுக் கிழிக்கிறது வழக்கம். ரெண்டு வருஷமா வர்ற புதுப் பசங்க முக்காவாசிப் பேரு ஜாம்பி கதையோடதான் வர்றாங்க. எல்லாக் கதையிலயும் ஒரே இடத்துலதான் வண்டி நிக்குது: ஆயுதம்.

போன மாசம் ஒரு தம்பி கானாடுகாத்தான்ல நடக்குற கதை கொண்டு வந்தாப்ல. ஹீரோ கையில ஜப்பான் கத்தி. எப்படிப்பா வந்துச்சுன்னு கேட்டா ஆன்லைன்ல வாங்குனதுங்கிறாப்ல. நான் மட்டும் யோக்கியமா? என் முதல் கதையில டபுள் பேரல் துப்பாக்கியில தோட்டா மாத்தாம ஹீரோ பத்தொன்பது தடவ சுட்டிருந்தான், படிச்ச ஒருத்தர் உக்காந்து எண்ணிச் சொன்னாரு, அன்னைக்கு பட்ட அவமானத்துலதான் இந்த வரிசையை நான் புடிச்சேன். கீழ சொல்ற படிகளை இதே வரிசையில செய்ங்க. புதுசா எழுதுறவங்க ஏழாம் படியில ஆரம்பிச்சு அங்கேயே மாட்டிக்கிறாங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

ஒரு நோட்டு வேணும். கதை நடக்குற வீடு இல்லாட்டி தெருவோட பிளான் வேணும், கிறுக்கலா இருந்தாலும் பரவாயில்ல.

மூணாவது முக்கியம்: நீங்க எழுதப் போற சாமானை ஒரு தடவையாவது கையில தூக்கிப் பாத்திருக்கணும். எங்க கூட்டத்துல ஒரு பொண்ணு, தன்னோட ஹீரோயின் கடப்பாரைய ஒத்தக் கையில சுழட்டிக்கிட்டே மாடிப்படி ஏறுறதா எழுதியிருந்துச்சு. பக்கத்துல வீடு கட்டுற இடத்துல இருந்து ஒரு கடப்பாரைய வாங்கிட்டு வந்து, இந்தா கைய நீட்டிப் புடின்னு குடுத்தேன். அஞ்சடி இரும்பு, ஆறேழு கிலோ இருக்கும். பத்து எண்ணுறதுக்குள்ள முனை தரையில இறங்கிடுச்சு. அன்னைக்கு ராத்திரியே அந்த சீன் மாறுச்சு, இப்ப அந்த ஹீரோயின் கடப்பாரைய கதவுக்குக் குறுக்க தாழ்ப்பாளா போடுறா, அதுக்கு அது பிரமாதமான சாமான்.

1. மொதல்ல ஜாம்பிக்கு ரூல் எழுதுங்க

ஆயுதம் நல்லதா கெட்டதான்னு முடிவு பண்றது உங்க ஜாம்பிதான். அதனால நாலே கேள்விக்கு நோட்டுல பதில் எழுதிட்டு அப்புறம் மேல போங்க.

மண்டையில அடிச்சாத்தான் விழுமா, உடம்புல எங்க அடிச்சாலும் விழுமா? மண்டைன்னா குறி தப்பாத கை வேணும், பலம் அதுக்கு அடுத்ததுதான்.

ஓடுமா, தள்ளாடி நடக்குமா? ஓடுற ஜாம்பிக்கு முன்னாடி ஓங்கி அடிக்கிற சாமான் எல்லாம் வேஸ்ட், ஓங்குறதுக்குள்ள மேல விழுந்துடும்.

சத்தத்துக்கு வருமா, வாடைக்கு வருமா? சத்தம்னா துப்பாக்கியோட விலை ஏறிப் போச்சு, ஆறாம் படியில கணக்கு போட்டுக் காட்டுறேன்.

கடிச்சாத்தான் தொத்துமா, ரத்தம் கண்ணுல வாயில தெறிச்சாலே போதுமா? இந்த ஒண்ணைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. தெறிச்சாலே தொத்தும்னு ரூல் போட்டுட்டு அப்புறம் ஹீரோ அருவாளால வெட்டித் தள்ளுறான்னு எழுதுனா மூணாம் பக்கத்துலயே அவனும் ஜாம்பி ஆயிருக்கணும். அந்த ரூல் போட்டா நீளமான கம்பு, எறியிற சாமான், கதவு, முள்வேலி இது பக்கம்தான் கதை போகணும்.

இன்னொண்ணு, ஜாம்பிக்கு வலிக்காது. வலிய நம்பி வேலை செய்யிற ஆயுதம் எல்லாம் இங்க பாதிதான் வேலை செய்யும். வளரிய எடுத்துக்கோங்க, வளைஞ்சு இருக்கும், எறியிற சாமான், சிவகங்கைச் சீமை ஆயுதம்ங்கிற பெருமையில நிறையப் பேரு ஹீரோ கையில அதைத்தான் குடுக்குறாங்க. ஓடுறவன் காலை அடிச்சு விழ வைக்கிறதுக்கு அது அருமையான சாமான். மனுசன் கால் ஒடிஞ்சா கெடந்து கத்துவான். ஜாம்பி தவழ்ந்து வரும். அதுவும் போக எறிஞ்சா கையில இல்ல, போய் எடுக்கணும். வேணாம்னு சொல்லல, இதெல்லாம் தெரிஞ்சு வையுங்க.

2. வீட்டை அடி அடியா அளந்து பாருங்க

நம்ம ஊர்ப் பெரிய வீடுகளுக்கு ஒரு வசதி இருக்கு. முகப்பு, வளவு (முற்றத்தைச் சுத்தி இருக்கிற கட்டு), ரெண்டாங்கட்டு, கடைசியில அடுப்படின்னு நீளவாக்குல போயி, முன்வாசல் ஒரு தெருவுலயும் பின்வாசல் அடுத்த தெருவுலயும் இருக்கும், கதவெல்லாம் நேர்கோட்டுல. கடைசிக் கட்டுல உக்காந்திருக்கிற ஒரு ஆளுக்கு முன் தெருவுல யாரு போறான்னு தெரியும். துப்பாக்கி வச்சிருக்கிற ஆளை எங்க உக்கார வைக்கலாம்னு வீடே சொல்லிடுது பாருங்க. அதே நேர்கோடுதான் ஆபத்தும், முன்கதவு விழுந்துச்சுன்னா கூட்டம் தடையில்லாம உள்ள வந்துகிட்டே இருக்கும்.

இடத்துக்கு இடம் சாமான் மாறும். சிலம்பக் கம்பு நெத்தி உயரம் இருக்கும், அதைச் சுத்த வட்டம் வேணும். முற்றத்துல சுத்தலாம். வளவுத் தாழ்வாரத்துல தூணு தூணா நிக்குது, ரெண்டாவது வீச்சுல கம்பு தூணுல பட்டு கை அதிரும். உள் அறைக்குள்ள போனா ஓங்கவே முடியாது, குத்தத்தான் முடியும்.

தரையையும் எழுதுங்க. ஆத்தங்குடிக் கல்லு பொழங்கப் பொழங்க வழவழன்னு ஆயிடும். அதுல தண்ணி கொட்டுனாலே வழுக்கும், ரத்தம் கொட்டுனா சொல்லவா வேணும். நம்ம ஆளுங்க செருப்ப வாசல்ல கழட்டிப் போட்டுட்டு வர்றவங்க, அப்ப சண்டை நடக்குறப்ப எல்லாரும் வெறுங்கால். காலை ஊணி ஓங்கி அடிக்கிற ஆயுதம் வழுக்குற தரையில அடிக்கிறவனையே தள்ளி விடும். ஒரு கதையிலகூட இத நான் இன்னும் பாக்கல, யாராச்சும் எழுதுங்கப்பா.

3. அந்த ஊர்ல, அந்த மாசத்துல என்ன கெடைக்கும்னு லிஸ்ட் போடுங்க

அடுப்படியில அருவாமனை, உலக்கை, அம்மிக் குழவி. கொல்லையில மண்வெட்டி, கோடாலி, தேங்கா உரிக்கிற பாரை, மாங்கா பறிக்கிற தொரட்டி. வயக்காட்டுல கருக்கருவா. பட்டறையில சம்மட்டி. திருப்பாச்சேத்தி பக்கத்துலதான் இருக்கு, அதனால அருவாளுக்குப் பஞ்சமில்ல.

முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகள் வரிசையா இருக்கே, அங்க கத்தி எடுத்துக்கலாம்னு எல்லாப் பயலும் எழுதுறான். சுவத்துல மாட்ட வச்சிருக்கிற பழைய கத்தியில பிடிக்குள்ள போற இரும்பு துருவேறி இருந்துச்சுன்னா மொத அடியில பிடி கையில நிக்கும், கத்தி பறக்கும். அப்படி உடையிறதுக்காகவே குடுத்தா நல்ல சீன்.

காலம் முக்கியம். தேர்தல் நேரம்னு வச்சுக்கோங்க, லைசன்ஸ் துப்பாக்கி எல்லாத்தையும் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருப்பாங்க, பேங்க் செக்யூரிட்டி மாதிரி சிலருக்குத்தான் விலக்கு. அப்ப ஊர்ல இருக்கிற துப்பாக்கி பூரா ஒரே ரூம்ல பூட்டிக் கெடக்கு, வெளிய ஒரே ஒரு செக்யூரிட்டி அண்ணன் தோள்ல மட்டும் ஒண்ணு தொங்குது. பாதிக் கதை இதுலயே கெடைச்சிடுச்சு. பொங்கல் நேரம்னா கரும்பு, மஞ்சுவிரட்டு, ஊருக்கு வந்த கூட்டம். கல்யாணம்னா பூட்டிக் கெடந்த வீட்டை எல்லாப் பங்காளியும் சேந்து தொறந்திருப்பாங்க. மத்த நாள்ல பல வீட்டுல சாவியோட ஒரு வாட்ச்மேன் மட்டும்தான், அந்தக் கொத்துச் சாவி எந்த அருவாளையும் விடப் பெருசு.

4. கதாபாத்திரத்தோட கை பத்து வருஷமா என்ன செஞ்சுச்சுன்னு எழுதுங்க

இந்த வழிகாட்டியில ஒரே ஒரு படிதான் செய்ய நேரம் இருக்குன்னா இதைச் செய்ங்க. ஆளோட பேரு, சாதகம், காதல் தோல்வி எல்லாம் அப்புறம். அந்தக் கை தினமும் எந்தச் சாமானைப் புடிச்சுச்சு, எந்தப் பக்கம் அசைஞ்சுச்சு, எத்தனை தடவ? பயந்து நடுங்குற நேரத்துல மூளை வேலை செய்யாது, கை பழகுனதத்தான் செய்யும்.

அப்பத்தாவும் உலக்கையும் எடுத்துக்கோங்க. நாலஞ்சடி நீளம், வைரம் பாஞ்ச மரம், முனையில இரும்புப் பூண். புதுசா எழுதுறவங்க உடனே அப்பத்தா உலக்கைய கிரிக்கெட் பேட்டு மாதிரி வீசுறாங்கன்னு எழுதிடுவாங்க. அப்பத்தா வாழ்க்கையில உலக்கைய வீசுனதே இல்ல. தூக்கித் தூக்கி நேரா கீழ போட்டவங்க, ஒரு கை மாத்தி ஒரு கை, உரலுக்குள்ள இருக்கிற குழியில தப்பாம விழுற மாதிரி. அப்ப அவங்களை எங்க நிறுத்தணும்? மேல. மாடிப்படி உச்சியில, இல்ல உயரத் திண்ணை மேல, கீழ இருந்து தலை ஒவ்வொண்ணா ஏறி வருது, அப்பத்தா வாயில பழைய பாட்ட முணுமுணுத்துக்கிட்டு இடிச்சுக்கிட்டே இருக்காங்க. குறி தப்பாது, மூச்சு வாங்காது, அது அவங்க பழைய வேலை. அதே அப்பத்தாவ தரையில நிறுத்தி எதிர வர்றதை அடிக்கச் சொன்னா செத்துப் போவாங்க.

இப்ப நான் யாருக்கிட்டயும் சலிக்காம சொல்ற ஆளு. சிவகங்கை மாவட்டம் பூரா சீமைக் கருவேலம்தான். அதைக் கூலிக்கு வெட்டிக் கரிமூட்டத்துக்கும் விறகுக்கும் போடுற அக்காமாருங்களை ரோட்டோரம் பாத்திருப்பீங்க. இடது கையில கவைக்கம்பு, வலது கையில நீளக் காம்பு போட்ட அருவா. கவையால கிளைய அமுக்கிப் புடிச்சு, அது மூஞ்சிக்குத் திரும்பி வராத மாதிரி பக்கவாட்டுல நின்னு, அடியில ஒரே போடு, அப்புறம் கையால தொடாம கவையாலயே தூக்கிக் குமிச்சுப் போட்டுட்டு அடுத்த கிளை.

நல்லா யோசிச்சுப் பாருங்க. கவையில கழுத்தை அமுக்கு, பக்கவாட்டுல நில்லு, வெட்டு, தொடாம தூக்கிப் போடு. ஜாம்பிய எப்படிக் கொல்லணுமோ அதைத்தான் அந்த அக்கா வருஷக்கணக்கா முள்ளுக்கிட்ட பண்ணிக்கிட்டு இருக்கு. உடுப்பு வேற தோதா இருக்கு: சேலைக்கு மேல புருசனோட பழைய முழுக்கைச் சட்டை, தலையில இறுக்கிக் கட்டுன துண்டு. முள்ளு கிழிக்கக் கூடாதுன்னு போட்டது, பல்லு பதியாமலும் தடுக்கும். வேலியடைக்கவும் தெரியும், ஒரு தெருவ முள்ளு போட்டு ஒரு சாயங்காலத்துல மூடிடும். இந்தச் சீமையிலயே ஆயுதத்துக்கு ரெடியா இருக்கிற ஆளு இதுதான்னு நான் சத்தியம் பண்ணுவேன், இதுவரைக்கும் ஒரு பயலும் ஹீரோயினா எழுதிக்கிட்டு வரல.

5. அந்தப் பழக்கம் எங்க காலை வாரும்னு கண்டுபுடிங்க

பொருத்தமான ஆயுதம் குடுத்துட்டு நிறுத்திட்டா கதை தட்டையாயிடும், ஆளு சூப்பர்மேன் ஆயிடுவான். எந்தப் பழக்கம் பலமோ அதுலயே ஒரு ஓட்டை இருக்கும், அதத் தேடி எடுங்க.

பஸ் ஸ்டாண்டுகிட்ட இளநி வெட்டுற அண்ணனுக்கு மண்டைய சீவுறது கைவந்த கலைன்னு எழுதுவீங்க, சரிதான், மணிக்கட்டு அவ்வளவு துல்லியம். ஆனா கவனிச்சுப் பாருங்க, அவரு வெட்டுறப்ப காய் அவரோட இடது கையில இருக்கும். புடிச்சுக்கிட்டுத்தான் வெட்டுவாரு. பதட்டத்துல அந்த இடது கை தானா நீளும், ஜாம்பி தலைமுடியப் புடிக்கும், அங்கதான் கடி விழும். மொத ஜாம்பிய அழகா சீவிட்டு ரெண்டாவதுல அவரு மணிக்கட்டுலயே பல்லு பதிஞ்சிடுச்சுன்னு எழுதுங்க, படிக்கிறவன் வயித்துல புளி கரையும்.

கறிக்கடை பாயி வெட்டுறது புளியமரக் கட்டை மேல. அடியில கட்டை இருக்கிறதாலதான் எலும்பு ஒரே போடுல துண்டாகுது. அந்தரத்துல நிக்கிற கழுத்துக்கு அடியில கட்டை எங்க இருக்கு? கத்தி பாதியில நிக்கும், இழுத்தா வராது. அவரு முதல் தடவ திகைச்சு, அடுத்த தடவ ஜாம்பிய சுவத்தோட சாத்தி வெட்டுறாருன்னு போகலாம், ஒரே சீன்ல ஒரு ஆளு கத்துக்கிட்டாருன்னு காட்டுன மாதிரியும் ஆச்சு.

சிராவயல் மஞ்சுவிரட்டுல எறங்குற பையனுக்குப் பாயிற உடம்பப் பாத்து ஒதுங்கத் தெரியும், ஆனா அடுத்த நொடி அவன் திமிலைத் தேடி அணைவான். அணைஞ்சான், முடிஞ்சான்.

6. விலை என்னன்னு எழுதி வையுங்க

எந்த ஆயுதமும் சும்மா வரக் கூடாது. நாலு வகை விலை இருக்கு.

சத்தம். பன்னெண்டு போர் (bore) துப்பாக்கி வெடிச்சா 150 டெசிபலுக்கு மேல போகும். சத்தம் நொடிக்குக் கிட்டத்தட்ட 340 மீட்டர் ஓடும், அப்ப ஒரு கிலோமீட்டர் தள்ளி நிக்கிற கூட்டத்துக்கு மூணே செகண்டுல சேதி போயிடுச்சு. மணிக்கு மூணு கிலோமீட்டர் வேகத்துல தள்ளாடி வந்தாக்கூட இருபது நிமிஷத்துல வாசல்ல நிக்கும். உங்க சீனுக்கு இப்ப ஒரு கடிகாரம் கெடைச்சிருச்சு, சுட்ட அந்த நொடியில இருந்து இருபது நிமிஷம். சிவகாசி வெடிய இதையே திருப்பிப் போட்டு யூஸ் பண்ணலாம், ஊருணிக்கு அந்தப் பக்கம் சரவெடியக் கொளுத்திப் போட்டுட்டு இந்தப் பக்கம் கதவத் தொறக்கலாம்.

எண்ணிக்கை. டபுள் பேரல்ல ரெண்டு தோட்டா, பழைய 303 ரைஃபிள் மேகசின்ல 10. லைசன்ஸ் வச்சிருக்கிற ஆளு எத்தனை தோட்டா வச்சுக்கலாம்னு லைசன்ஸ் புத்தகத்துலயே எழுதியிருக்கும். நோட்டுல ஒரு ஓரத்துல எண்ணிக்கிட்டே வாங்க, என்னய மாதிரி மாட்டாதீங்க.

பராமரிப்பு. அருவா மழுங்கும், சாணை பிடிக்கணும். காம்பு ஆடும், ஆப்பு அடிக்கணும். நம்ம பக்கம் பட்டறையில லாரி பட்டைய அடிச்சுத்தான் நிறைய அருவா செய்யிறாங்க, நல்ல இரும்பு, ஆனா துடைக்காம வச்சா நாலு நாள்ல துரு. மரம் அறுக்குற மெஷினை ஹீரோ கையில குடுக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை: துணி நூலு செயின்ல சிக்குனா மெஷின் நின்னுடும், மரம் அறுக்குறவங்க போடுற பாதுகாப்புக் கால்சட்டையே நூலு சிக்கி செயினை நிறுத்துற மாதிரிதான் செஞ்சிருக்கும். நம்ம ஊரு ஜாம்பி வேட்டி சேலையில வரும். மொத ஆளோட மெஷின் காலி.

நாலாவது, உத்தரவு. இதை வெளியூர்க் கதையப் பாத்து எழுதுறவங்களால யோசிக்கவே முடியாது. கருப்பர் கோயில்ல நேர்த்திக்கடனா செஞ்சு நட்டு வச்சிருக்கிற அருவாள்கள் இருக்கே, சிலது ஆள் உயரம். புதுப் பையன் எழுதுறான், ஹீரோ ஓடி வந்து அதைப் புடுங்கி வெட்டுறான்னு. அடேய், எங்க ஊர்ல நெஜமாவே ஜாம்பி வந்தாக்கூட ஒருத்தனும் அதைக் கேக்காமத் தொட மாட்டான். அதுவும் போக பெரும்பாலும் அது வெட்டுறதுக்குன்னு சாணை பிடிச்சது கெடையாது, கனம் வேற. அந்தக் கனத்தைத் தூக்கி ஆடுன கை சாமியாடியோட கை ஒண்ணுதான்.

அப்ப சீன் எப்படி வரணும்? பையன் கோயில் வாசல்ல சாமியாடி முன்னாடி நிக்கிறான், பின்னாடி சத்தம் வருது.

"ஐயா, உத்தரவு குடுங்க, ஒண்ணு எடுத்துக்கிறேன்."

"எடுத்தா திரும்பக் கொண்டாந்து நடணும் அப்பு. உசுரோட வருவியா?"

அவ்வளவுதான். இப்ப அவன் சாகக் கூடாது. ஜெயிக்கிறதுக்காக இல்லாட்டியும் திருப்பி நடுறதுக்காகவாவது உசுரோட வரணும். ஒரு ஆயுதத்தோட விலை கதைக்கே முதுகெலும்பாயிடுச்சு.

7. ரத்தத்துக்கு முன்னாடி ஒரு தடவ வேலையில காட்டுங்க

ஆயுதம் மொத தடவ கதையில வர்றப்ப அது ஆயுதமா இருக்கக் கூடாது. தொரட்டி மாங்கா பறிக்கணும். உலக்கை கதவு மூலையில சாத்தி இருக்கணும், பேரப்பிள்ள அது மேல தடுக்கி விழுந்து திட்டு வாங்கணும். ஏன்னா நாப்பதாம் பக்கத்துல திடீர்னு மூலையில ஒரு உலக்கை முளைச்சா எழுதுனவன் கொண்டாந்து வச்சான்னு தெரிஞ்சு போகும்.

ரொம்ப வெளிச்சம் போட்டும் காட்டாதீங்க. "அந்த அருவாள் சூரிய ஒளியில் பளபளத்தது"ன்னு ரெண்டாம் பக்கத்துல எழுதுனா யார் சாகப் போறான்னே சொல்லிட்ட மாதிரி. வேற வேலை நடக்குறப்ப ஓரமா ஒரு வரி போதும்.

8. கூட்டத்துக்குப் பங்கு பிரிக்கிறது

எல்லார் கையிலயும் வெட்டுறது குடுக்காதீங்க. எட்டத் தள்ளுறவங்க, முடிக்கிறவங்க, சத்தத்துல இழுக்குறவங்க, கதவைப் பாக்குறவங்கன்னு பிரிங்க. தொரட்டி வச்சிருக்கிற ஆளு ஜாம்பி கால வாரி விடுவாரு, உலக்கைக்காரவுங்க முடிப்பாங்க. ஒருத்தர் இல்லாட்டி இன்னொருத்தர் பாதி ஆளு. அப்படி வச்சாத்தான் ரெண்டு பேருக்குள்ள சண்டை மூட்டி விடுறப்ப கதை சூடு புடிக்கும்.

ஆராய்ச்சிக்கூடத்துல வேலை பாக்குற ஒரு ஆளை வச்சு ஆசிட் கொண்டு வர்ற கதையும் நிறைய வருது, காரைக்குடியில மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறதால எல்லாருக்கும் அந்த யோசனை வந்துடுது. ஆசிட் தோலை அரிக்கும், நடையை நிறுத்தாது. அவரை விட்டா மருந்து கண்டுபுடிச்சுக் கதையவே முடிச்சுடுவாரு, ஜாக்கிரதை.

9. எப்ப தொலையணும்னு முடிவு பண்ணுங்க

கதைப் பாதியில ஒரு தடவையாவது ஆயுதம் கையை விட்டுப் போகணும். அருவா மூக்கு எலும்புல கொக்கி மாதிரி மாட்டிக்கிட்டு வராம போகலாம். உலக்கை கைநழுவி ஊருணிக்குள்ள போகலாம். அப்ப அந்த ஆளு வெறுங்கையில என்ன பண்றாங்கன்னு பாக்குறதுக்குத்தான் இத்தனை நேரம் கூட வந்தோம்.

கைமாத்துறதுன்னா தப்பா புடிக்க வையுங்க. அப்பத்தா செத்த பிறகு பேரன் உலக்கைய எடுக்குறான்னா, மொதத் தடவ வீசத்தான் செய்வான், தோளு புடிச்சுக்கும். அப்புறம்தான் அவங்க எப்படிக் கை மாத்திக் கை மாத்திப் போட்டாங்கன்னு ஞாபகம் வரும். அழுகிற சீனே வேணாம், அந்தக் கை மாத்துறதே போதும்.

10. மாத்தி வச்சுப் பாருங்க

எழுதி முடிச்சதும் ஒரு சோதனை. ஒரு சீனை எடுத்து, இவங்க ஆயுதத்தை அவங்க கையில குடுத்துப் படிச்சுப் பாருங்க. சீன் அப்படியே சிக்கலில்லாம ஓடுச்சுன்னா நாலாம் படி தப்பு, திரும்பப் போங்க. சீன் இடிஞ்சு விழுந்துச்சுன்னா சரியா வச்சிருக்கீங்க.

ஜப்பான் கத்தித் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன். அவன் கத்திய வாட்ச்மேன் கையில, வாட்ச்மேன் தடிய அவன் கையில மாத்துனா ஒரு வரிகூட மாத்த வேண்டியிருக்கல. ரெண்டு வாரம் ஆளைக் காணோம். அப்புறம் வந்தாப்ல, ஹீரோ இப்ப கல்யாணச் சமையக்காரருக்கு உதவியாளு, கையில நீளக் காம்பு ஜல்லிக்கரண்டி, அடுப்புல பலகாரத்துக்கு இருப்புச்சட்டி நெறையா எண்ணெய். எண்ணெயை ஊத்துனா ஜாம்பிக்கு வலிக்காதேப்பான்னு கேட்டேன். "மேல ஊத்தலண்ணே, ஆத்தங்குடிக் கல்லுல ஊத்துறான், எல்லாம் வழுக்கி விழுது, மாடிப்படியில இருந்து அப்பத்தா இறங்கி வர்றாங்க"ங்கிறாப்ல. அப்படின்னா எண்ணெய் காயவே வேணாமேடான்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, அந்தப் பாராவ அடிச்சுட்டு, சட்டிய அடுப்புல இருந்து எறக்குறதுக்கு எத்தனை பேரு வேணும்ணு பாக்க ஒரு கல்யாண வீட்டுப் பக்கம் கெளம்பிப் போனாப்ல.